சர்வர் ரூமும் கச்சான் காற்றும்: வாசகர் கேள்வி பதில்

தொலைபேசி கம்பெனிகளின் டேட்டா சென்டர்களில் ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டதைப் பற்றி போன இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் நிறைய ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. தனித்தனியாகப் பதில் போட்டால் ஆகாது என்று இந்த முறை இடம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: செல்போன் டவர் தெரியும். போன் கம்பெனிக்கு டேட்டா சென்டர் எதற்கு? அதில் ஏஐக்கு என்ன வேலை? (மண்டபம் வாசகர்)

டவரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கால்கூடப் பேச முடியாது. நீங்கள் மண்டபத்தில் நின்றுகொண்டு பாம்பனில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டாலும், அந்த அழைப்பு பாலத்தைத் தாண்டி நேராக அவரிடம் போய்விடாது. டவரிலிருந்து ஃபைபர் வழியாக ஏதோ ஒரு பெரிய ஊரில் இருக்கும் சர்வர் எனும் கம்ப்யூட்டர்களுக்குப் போய், இவர் யார், ரீசார்ஜ் இருக்கிறதா, மச்சானின் போன் இந்த நிமிடம் எந்த டவரில் நிற்கிறது என்று எல்லாம் பார்த்த பிறகுதான் திரும்பி வருகிறது. முன்பெல்லாம் இதற்கென்றே செய்த பெட்டிகள் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக நின்றன. 2012 வாக்கில் பெரிய கம்பெனிகள் சேர்ந்து யோசித்து, அந்தப் பெட்டிகள் செய்த வேலையைச் சாதாரண சர்வரில் ஓடும் சாஃப்ட்வேராக மாற்றத் தொடங்கின. 5ஜியின் மையப்பகுதி பிறந்ததே அப்படித்தான். பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்தில் இன்று இருப்பது டேட்டா சென்டர். மாவட்டத் தலைநகரில் சில ரேக்குகள் (சர்வர்களை அடுக்கி வைக்கும் இரும்பு அலமாரிகள்) உள்ள அறை, சென்னையில் மாடி மாடியாக.

ஏஐ என்றதும் சாட்பாட் ஞாபகம் வரும். இங்கே பெரும்பாலான வேலை அது இல்லை. எந்த ரேக் எவ்வளவு சூடு, எந்த ஃபேன் எவ்வளவு வேகம், யூபிஎஸ் எவ்வளவு கரண்ட் தருகிறது, எந்த நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று ராத்திரி பகலாக வந்து விழும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது; வழக்கத்துக்கு மாறாக ஒன்று தெரிந்தால் சொல்வது; அடுத்த மணி நேரம் எப்படி இருக்கும் என்று கணிப்பது. அனுமதி கொடுத்திருந்தால் சில பொத்தான்களைத் தானே திருப்பவும் செய்யும்.

கேள்வி: நான் லாட்ஜ் நடத்துகிறேன், ஏசிக்கு வரும் கரண்ட் பில்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கூகுள் கம்பெனி ஏஐ வைத்து 40 சதவீதம் மிச்சம் பிடித்ததாகப் படித்தேன். உண்மையா? நம் பக்கத்துக்கும் அது சரிப்படுமா? (ராமேஸ்வரம் வாசகர்)

உண்மைதான், ஆனால் அந்த 40 எதில் 40 என்று பார்க்க வேண்டும். 2016-ல் கூகுளும் அதன் டீப்மைண்ட் பிரிவும் சொன்னது, குளிரூட்டுவதற்கு ஆகும் கரண்ட்டில் 40 சதவீதம் வரை குறைந்தது என்று. மொத்தப் பில்லில் இல்லை. இந்தத் தொழிலில் பியுஇ என்று ஒரு கணக்கு உண்டு. கட்டடத்துக்குள் வரும் மொத்தக் கரண்ட்டை, சர்வர்கள் மட்டும் எடுக்கும் கரண்ட்டால் வகுத்தால் வருவது. 1.6 என்றால், சர்வர் 100 யூனிட் எடுக்கும்போது ஏசி, யூபிஎஸ் இழப்பு, விளக்கு எல்லாம் சேர்ந்து இன்னொரு 60 போகிறது. அந்த 60-ல் ஏசிக்கு 45 என்று வைத்துக்கொண்டு, ஏஐ அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 9 யூனிட் மிச்சம். 160-க்கு 9. மோசமில்லை, வருடம் முழுக்கப் பார்த்தால் நல்ல காசு. ஆனால் விற்க வருகிறவர் 40 என்ற எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுவார், சின்ன எழுத்தையும் படியுங்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மற்ற ஊர்களில் ஏஐ செய்யும் சுலபமான வேலை, ராத்திரியில் வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் கம்ப்ரஸரைக் குறைத்துவிட்டு அந்தக் காற்றையே உள்ளே இழுத்துக்கொள்வது. உள்நாட்டில் எங்கோ கற்றுக்கொண்ட மாடலை, அதாவது ஏஐ மென்பொருளை, கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அப்படியே ஓட விட்டால் அதுவும் இதைத்தான் செய்யும், கரண்ட் மிச்சமாகிவிட்டது என்று ரிப்போர்ட்டும் கொடுக்கும், சில மாதத்தில் போர்டுகளில் பச்சை பூக்கும். நம் காற்றில் உப்பு இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. டிகிரி மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஈரமும் உப்பும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சின்னச் செம்புத் தகடும் வெள்ளித் தகடும் அறைக்குள் ஒரு மாதம் தொங்கவிட்டு, எவ்வளவு அரித்திருக்கிறது என்று சோதனைச்சாலையில் அளப்பார்கள். செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200, இதற்குள் இருந்தால் அறை பத்திரம். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம், அவ்வளவு நுணுக்கம். இந்த எண்ணை ஏஐக்குக் கொடுத்து, இதைத் தாண்டினால் வெளிக்காற்று வேண்டாம் என்று வேலி போட்ட பிறகுதான் அதைக் கரண்ட் மிச்சம் பிடிக்க விட வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உப்பும் மணலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், தகடு வெண்மையாகி, விரலால் தொட்டால் உதிரும். அறைக்குள் டிகிரி மாறியிருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. அதே குளிருக்குக் கம்ப்ரஸர் மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் அதிகமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். மனிதக் கண் பார்க்காத இந்த மெல்லிய ஏற்றத்தை ஏஐ சுலபமாகப் பிடித்துவிடும், இன்ன யூனிட்டைக் கழுவு என்று சொல்லிவிடும். தீவில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல். தெற்குச் சுவரில் மாட்டிய யூனிட் ஆனி ஆடியில் அடி வாங்கும், வடக்குச் சுவரில் இருப்பது ஐப்பசிக்கு மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழுவு என்று சென்னை ஆபீஸ் போட்ட அட்டவணை இங்கே பாதி வீண் வேலை. எந்தச் சுவரை எப்போது கழுவ வேண்டும் என்பதை ஒரு வருடத் தரவு இருந்தால் மாடல் தானே கண்டுபிடித்துவிடும். பாம்பன் மீனவரிடம் கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

உங்கள் லாட்ஜுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நல்ல தண்ணீரில் கழுவுங்கள், போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை அடிக்காதீர்கள்.

கேள்வி: டவர், எக்யுப்மென்ட் ரூம் பராமரிப்பில் இருக்கிறேன். ராத்திரி ஒரு கரண்ட் கட் ஆனால் போனில் நூறு அலாரம் வருகிறது. எது நிஜம் என்று பார்ப்பதற்குள் விடிந்துவிடுகிறது. ரூமில் 24 டிகிரி என்று காட்டும், உள்ளே போனால் சட்டை நனையும். ஏஐ வந்தால் இதெல்லாம் தீருமா? (உச்சிப்புளி வாசகர்)

தம்பி, அலாரம் விஷயம் நிச்சயம் தீரும், ஏஐ மிக நன்றாகச் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு வீட்டில் எழவு விழுந்தால் ஊரில் இருக்கும் அத்தனை போனும் அடிப்பது போலத்தான் அந்த நூறு அலாரமும். கரண்ட் போனதற்கு ஒன்று, ரெக்டிஃபயர் (ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றும் பெட்டி) நின்றதற்கு ஒன்று, 48 வோல்ட் பேட்டரி இறங்குவதற்கு ஒன்று, ஏசி நின்றதற்கு, சூடு ஏறியதற்கு, அப்புறம் அந்த அறையை நம்பியிருக்கும் ஒவ்வொரு டவருக்கும் தனித்தனியாக. எது எதற்கு முன்னால் வந்தது, எது எதனோடு கம்பியால் இணைந்திருக்கிறது என்று பார்த்து, இவ்வளவுக்கும் காரணம் உச்சிப்புளிக்கு வரும் மின்லைனில் கரண்ட் இல்லாததுதான், ஜெனரேட்டர் எடுக்கவில்லை, போய்ப் பார் என்று ஒரே வரியாக உங்களுக்கு அனுப்பும். ஆனால் எந்தப் பெட்டி எதில் இணைந்திருக்கிறது என்ற விவரம் கம்ப்யூட்டரில் சரியாக இருக்க வேண்டும். போன வருடம் கேபிளை மாற்றிக் குத்திவிட்டு எழுதாமல் விட்டிருந்தால், ஏஐ உங்களை நேர்த்தியாகத் தப்பான ஊருக்கு அனுப்பிவைக்கும்.

24 டிகிரி விஷயத்துக்கு ஏஐ தேவையே இல்லை. சென்சார் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த அறைகள் பலவற்றில் அது ஏசி காற்று வந்து விழும் இடத்துக்கு நேர் எதிரே, இல்லாவிட்டால் வாசல் பக்கம், ஒயர் போட்டவருக்கு எது வசதியோ அங்கே இருந்தது. அளக்க வேண்டியது ரேக்கின் முன்பக்கம், சர்வர் காற்றை உறிஞ்சும் இடத்தில், அதிலும் மேல் தட்டில். அங்கேதான் சூடு தேங்கும். பேட்டரி பக்கத்திலும் ஒன்று வையுங்கள். ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 35 டிகிரியில் வேகும் பேட்டரியை 24 என்று காட்டும் சென்சாரை நம்பி, இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று கணித்தால் அது மாடலின் குற்றமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜெனரேட்டர் லாக் புக். அதைத் திறந்து பாருங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒவ்வொரு நாளும் சொல்லிவைத்த மாதிரி காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், டீசல் இவ்வளவு லிட்டர். மாதக் கடைசியில் டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்து எழுதியது என்று பார்த்த உடனே தெரியும். இதை ஏஐக்குக் கொடுத்தால் அது கதையைத்தான் கற்றுக்கொள்ளும். டேங்கில் அளவுகோல் சென்சாரும், ஜெனரேட்டரில் ஓடிய மணி காட்டும் மீட்டரும் நேரடியாக இணைந்துவிட்டால் அப்புறம் கதை செல்லாது. ஓடிய மணிக்கும் குறைந்த டீசலுக்கும் பொருந்தவில்லை என்றால் ராத்திரி இரண்டு மணிக்கே தெரிந்துவிடும். டீசல் எங்கே போனது என்று இத்தனை நாள் யாரும் கேட்காத ஊர்களில் இதனால்தான் ஏஐக்கு எதிர்ப்பு அதிகம், சாஃப்ட்வேர் மேல் உள்ள சந்தேகத்தால் இல்லை. அதே சமயம், முறையாக வேலை செய்யும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பாதுகாப்பும்கூட. இல்லாத டீசலுக்கு உங்கள் தலையை யாரும் உருட்ட முடியாது.

கேள்வி: தர்கா சந்தனக்கூடு விழா சமயத்தில் எங்கள் ஊரில் போன் வேலையே செய்யாது. கூட்டம் வரும் என்று ஊருக்கே தெரியும், கம்பெனியின் ஏஐக்குத் தெரியாதா? (ஏர்வாடி வாசகி)

சொல்லிக்கொடுக்காவிட்டால் தெரியாது அம்மா. இந்த மாடல்கள் போன வாரம் இதே கிழமை, போன வருடம் இதே தேதி என்று பார்த்துத்தான் அடுத்ததைக் கணிக்கின்றன. புத்தாண்டு, தீபாவளி எல்லாம் பெரும்பாலும் கம்பெனியின் காலண்டரில் இருக்கும். சந்தனக்கூடு ஹிஜ்ரி எனும் இஸ்லாமியக் காலண்டர் கணக்கு, ஆங்கிலக் காலண்டரில் ஒவ்வொரு வருடமும் பத்து பதினோரு நாள் முன்னால் வந்துவிடும். போன வருடத் தேதியைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கும் மாடல் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்து நிற்கும். ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கும் இதே கதைதான், அக்னி தீர்த்தக் கரையில் விடிகாலையிலேயே லட்சக்கணக்கில் ஆள் நிற்கும், எல்லோரும் ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள்.

இன்னும் நம் பக்கத்துக்கே உரிய கணக்குகள் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில், போனும் கரையில். தடை இல்லாத காலத்தில் பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு. ஆக, இங்கே ஒரு டவரின் திங்கட்கிழமை அடுத்த டவரின் திங்கட்கிழமை மாதிரி இருக்காது. கணிப்பு சரியாக இருந்தால் லாபம் இரண்டு பக்கமும். ஆள் இல்லாத நேரத்தில் சில சர்வர்களில் ஓடும் வேலையை மற்றவற்றுக்கு நகர்த்திவிட்டு அவற்றை உறங்க வைக்கலாம், ஏனென்றால் சும்மா நிற்கும் சர்வரும் கரண்ட்டைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். கூட்டம் வரும் நாளில் முன்கூட்டியே எழுப்பி வைக்கலாம், வண்டியில் வரும் தற்காலிக டவரை முந்தைய நாளே கொண்டுவந்து நிறுத்தலாம். இதற்கு வேண்டியது பஞ்சாங்கம், ஹிஜ்ரி காலண்டர், மீன்துறை அறிவிப்பு, இந்த மூன்றும்தான். இதைக் கேட்டு உங்கள் ஜமாஅத்திலிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் போடலாம், அது ஏஐயைவிட வேகமாக வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: தனுஷ்கோடி தாண்டினாலே இலங்கை நெட்வொர்க் வந்து வரவேற்கிறது. ஏஐ இதைத் தடுக்குமா? (பாம்பன் வாசகர்)

தடுக்காது. உங்கள் நெட்வொர்க் எட்டாத இடத்தில் போன் கிடைக்கிற வெளி நெட்வொர்க்கைப் பிடிக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

கேள்வி: புயல் வந்தால் முதலில் போகிறது போன்தான். உள்ளே கடலில் ஆள் இருக்கும்போது கரையில் இருக்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஏஐ வந்து என்ன கிழிக்கப்போகிறது? (தங்கச்சிமடம் வாசகர்)

கோபம் நியாயமானது. டீசல் தீர்ந்தால் ஏஐயும் சேர்ந்து அணைந்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. கரண்ட் வர வாரக்கணக்கான ஊர்களில் டவர் நின்றுகொண்டிருந்தாலும் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அது வெறும் இரும்பு.

ஏஐயால் ஆவது புயலுக்கு முந்தைய இரண்டு நாளில் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பேட்டரி நிஜமாக எத்தனை மணி தாங்கும் என்று, பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாமல், இதற்கு முன் கரண்ட் போனபோது அது இறங்கிய வேகத்தை வைத்துக் கணக்கிடலாம். டேங்கில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து எந்த இடத்துக்கு முதலில் டீசல் போக வேண்டும் என்று வரிசை போடலாம். தீவுக்குள் போகச் சாலைப் பாலம் ஒன்றுதான், காற்று ஏறியபின் லாரி போகாது. ஆகவே தங்கச்சிமடத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் உரியது ராமநாதபுரத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும், தேவை அங்கே குறைவாகத் தெரிந்தாலும்கூட. மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ. அளவுக்குக் கொட்டியதே, அப்படி ஒரு நாளில் தரையோடு தரையாக வைத்த ஜெனரேட்டரை எந்த மாடலும் காப்பாற்றாது. பீடம் உயர்த்திக் கட்ட வேண்டும், அது கொத்தனார் வேலை.

கரண்ட் வந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. ஒரு பகுதி முழுக்க அணைந்து திரும்ப எழும்போது அத்தனை போனும் ஒரே நேரத்தில் நான் இங்கே இருக்கிறேன் என்று பதிவு செய்ய ஓடிவரும். அந்த நெரிசலில் மைய சர்வரே திணறிவிடும். 2022 ஜூலையில் ஜப்பானின் கேடிடிஐ நெட்வொர்க்கில் ரவுட்டர் மாற்றும் வேலையில் ஏற்பட்ட சின்னத் தடங்கல் இப்படித்தான் வளர்ந்து, கோடிக்கணக்கான இணைப்புகளைப் பாதித்து, முழுசாகச் சரியாக 60 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பகுதி பகுதியாக, எவ்வளவு தாங்குமோ அவ்வளவாக உள்ளே விடும் வேலையை நொடிக்கு நொடி கணக்குப் பார்த்துச் செய்ய மனிதரைவிட இயந்திரம் நல்லது.

புயல் எச்சரிக்கைக்கு, 2023-ல் எல்லோர் போனிலும் அலறிய சோதனைச் செய்தி ஞாபகம் இருக்கிறதா? அந்த முறையில் ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் ஒரே வீச்சில் செய்தி போகும், நெரிசல் அதைப் பாதிக்காது. டவருக்கு உயிர் இருக்க வேண்டும், படகும் அதன் எல்லைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூரக்கடலுக்கு அது எட்டாது, அங்கே சாட்டிலைட் கருவிதான் வழி.

கேள்வி: எங்கள் காக்கா (அண்ணன்) துபாயில் டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறார். கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் இருக்கிறதே, நம் மாவட்டத்துக்கும் டேட்டா சென்டர் வரும் என்கிறார். வந்தால் இருக்கிற தண்ணீரையும் குடித்துவிடாதா? (கீழக்கரை வாசகி)

பெரியது வருமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. கமுதி சோலார் 648 மெகாவாட், 2016-ல் வந்தபோது உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. ஆனால் சூரியன் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும், டேட்டா சென்டர் போகாது. சென்னையில் குவிவதற்குக் காரணம் கடலடி கேபிள்கள் அங்கே கரையேறுவது. ராமநாதபுரத்தில் வரக்கூடியது சின்ன அளவில், வீடியோவும் 5ஜி வேலைகளும் பக்கத்திலேயே முடிய வேண்டும் என்று வைக்கும் அறைகள். அவை குடிக்கும் தண்ணீர் ஒன்றும் பெரிதாக இருக்காது.

தண்ணீர் பயம் சும்மா இல்லை. ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில் கரண்ட் மிச்சமாகும், தண்ணீர் தீரும். ஏஐயிடம் கரண்ட்டை மட்டும் குறை என்று சொன்னால் அது தாராளமாகத் தண்ணீரைச் செலவழித்துக் கரண்ட்டை மிச்சம் பிடித்துக் காட்டும். காவிரி கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாவட்டத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. இரண்டையும் கணக்கில் சேர் என்று எழுதிவைக்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான். ஏஐக்கென்று கட்டும் டேட்டா சென்டர்களின் பசியும் தனி. 2024-ல் உலகின் டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து எடுத்தது ஏறக்குறைய 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்), உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. ஏஐ வைத்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் கம்பெனியிடம், அந்த ஏஐயை ஓட்ட ஆன செலவைக் கழித்தாயா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: எல்லாவற்றையும் ஏஐ கையில் கொடுத்துவிட்டு, அது தப்பு செய்தால் யார் பொறுப்பு? (ராமநாதபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2022 ஜூலை 8-ல் கனடாவில் ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்கப் படுத்துவிட்டது. ஒரு ரவுட்டரில் இருந்த வடிகட்டியை நீக்கினார்கள், வெள்ளம் மாதிரி வந்த தகவலில் மைய ரவுட்டர்கள் மூழ்கின, 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்த வேலை முதலில் ஆபத்து அதிகம் என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. பல கட்டமாகச் செய்ததில் முந்தைய கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ஆபத்தைக் கணிக்கும் அல்காரிதம் தானாகவே அதை ஆபத்து குறைவு என்று இறக்கிவிட்டது. அதனால் ஆறாவது கட்டத்தை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை. போதாததற்கு, சரிசெய்ய வேண்டிய ஊழியர்களின் போனும் அதே நெட்வொர்க்கில். 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் மறைந்ததும் இதே ஜாதி. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தது.

கூகுள் 2018-ல் குளிரூட்டலை ஏஐயிடமே விட்டபோது செய்த ஏற்பாடு பார்க்கத் தகுந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சென்சார் எண்களைப் பார்த்து அது ஒரு முடிவு சொல்லும். அந்த முடிவு முன்பே போட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று ஏஐ ஒருமுறை, கட்டடத்தின் சொந்தக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொரு முறை சரிபார்க்கும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் நினைத்தால் எந்த நிமிடமும் அதை வெளியேற்றிவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பலாம். என்னைக் கேட்டால் ஃபேன் வேகம், ஏசியில் வைக்கும் டிகிரி, எந்த சர்வர் உறங்கலாம் என்பதையெல்லாம் தாராளமாக விடலாம், தப்பானாலும் அரை மணியில் தெரிந்துவிடும். மைய ரவுட்டரில் மாற்றம், பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சோதனை, தீயணைப்பு வாயு, இவற்றில் ஏஐ யோசனை சொல்லட்டும், கை வைப்பது பெயர் போட்டுக் கையெழுத்திடும் மனிதராக இருக்கட்டும். பொறுப்பு யாருக்கு என்ற உங்கள் கேள்விக்கு அந்தக் கையெழுத்துதான் பதில்.

கேள்வி: டிப்ளமோ இசிஇ முடித்திருக்கிறேன். இந்த வேலைக்குப் போகலாமா, ஏஐ வந்து வேலையே இல்லாமல் போய்விடுமா? (தேவிபட்டினம் வாசகர்)

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, அலாரம் வந்தால் யாருக்காவது போன் போடும் வேலை குறையும், அதை நம்பிப் போகாதீர்கள். பூட்டைத் திறந்து உள்ளே போய், ரெக்டிஃபயரைக் கழற்றி மாற்றி, எர்த் சரியா என்று பார்ப்பவருக்கு வேலை போகாது, உப்புக் காற்று இருக்கும் வரை நம் கரையில் அது இரட்டிப்பு. அதோடு லினக்ஸ், கொஞ்சம் பைத்தான், ஒரு கிராஃபைப் பார்த்து இது சென்சார் பழுதா நிஜமான சூடா என்று பிரித்துச் சொல்லும் பழக்கம், இவை சேர்ந்தால் சென்னையிலும் வளைகுடாவிலும் கதவு திறக்கும்.

கேள்வி: தொண்டிப் பக்கம் கேபிள் டிவி, பிராட்பேண்ட் நடத்துகிறேன். ஒரு ரூம், மூன்று ரேக், இரண்டு ஏசி. ஏஐ சாஃப்ட்வேர் போடச் சொல்லி ஒருவர் விடாமல் வருகிறார். வாங்கலாமா? (தொண்டி வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. ரேக் முன்னால் மேலும் கீழும் சென்சார், பேட்டரி பக்கம் ஒன்று, ஏசிக்குத் தனி கரண்ட் மீட்டர், ஒரு வருடம் இதை எக்செல்லில் சேர்த்து வையுங்கள். ரேக்கில் காலியாக இருக்கும் இடைவெளிகளைத் தகடு வைத்து மூடுங்கள், சூடான காற்று சுற்றி முன்பக்கம் வருவது நிற்கும். இரண்டு ஏசியும் வெவ்வேறு செட்டிங்கில் ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டுகின்றனவா என்று பாருங்கள், அதிலும் கரண்ட் வீணாகும். அதற்கப்புறமும் அவர் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சென்சார் ஒரு மணி நேரம் செத்துப்போனால் உன் சாஃப்ட்வேர் என் ஏசியை என்ன செய்யும்? பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிட்டு உங்களுக்குப் போன் போடும் என்று சொன்னால் மேற்கொண்டு விலை பேசலாம். அப்படியெல்லாம் ஆகாது சார் என்று சிரித்தால் டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுங்கள்.